படத்தில் ஒரு அது, தொட்டிலில் ஒரு அது

கல்லூரியில் படித்தபோது நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவல் கிடைத்தது. பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து ஒருவன் ஒரு மனிதனை உண்டாக்குகிறான். அந்த மனிதன் கண் திறந்ததும் உண்டாக்கினவன் பயந்து ஓடிவிடுகிறான். பெயர்கூட வைப்பதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் வரும் பஸ்ஸில் நின்றபடியே படித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கல்யாணமாகியும் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போகிறவன், காலத்துக்குள் ஓடும் வண்டி, கோட்டையில் ரத்தம் குடித்து வாழும் பிரபு என்று எந்தப் பழைய கதை கிடைத்தாலும் படித்துவிட்டு, அது படமாக வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன்.

பார்த்துவிட்டுச் சண்டைக்கும் நிற்பேன். அந்த நாவலில் தைத்து உண்டாக்கப்பட்டவன் பக்கம் பக்கமாகப் பேசுவான். நான் பார்த்த படத்திலோ உறுமல் மட்டும்தான். இப்படி ஊமையாக்கிவிட்டார்களே என்று முதல் தடவை கோபம் வந்தது. ஆனால் அதில் ஓர் இடம் உண்டு. கொடியில் காயும் குழந்தைச் சட்டை ஒன்றைத் தொட்டுப் பார்ப்பான். யாரோ வரும் சத்தம் கேட்டதும் சுட்டுவிட்டதுபோல் கையை இழுத்துக்கொள்வான். அத்தனை பக்கப் பேச்சையும் அந்தக் கையிலேயே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் குறை சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அதைத் தமிழில் போட்டார்கள். மகன் புடவைத் தொட்டிலில் தூங்கினான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். கொடி வரும் இடம் தாண்டட்டும் என்று விட்டேன். படம் முடிந்தேவிட்டது.

அன்று சாயங்காலத்திலிருந்து அவள் தொட்டில் பக்கம் போகவில்லை. அதுவரை தொட்டில் கயிற்றை விடாதவள். தம்பி சிணுங்கினால் நான் எழுவதற்குள் ஓடிப்போய் ஆட்டுகிறவள். இப்போது அவன் அழுதால் வாசலுக்குப் போய்விடுகிறாள். பொறாமையா, பயமா, நான் அவளைக் கவனிக்காமல் விட்டேனா என்று தெரியவில்லை. இருப்பது இரண்டே பிள்ளைகள். இப்படியே ஒட்டாமல் வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் என் கணவரின் அக்காவுக்குச் சேதி போயிற்று.

“பேய்ப் படத்தப் போட்டுக்கினு கொழந்தைய பக்கத்துல உக்கார வெச்சிக்கினா வேற இன்னா ஆவும்? புள்ள பயந்துகிச்சி. பள்ளிவாசலுக்குக் கூட்டினு போயி ஓதிக் கயிறு கட்டு.”

“அவ்ளோ பயங்கரமான படம் இல்லீங்க அண்ணி.”

“இல்லியா? அந்த மூஞ்சியப் பாத்துட்டு நானே ராத்திரி வெளக்க அணைக்காம படுத்தன்!”

அவர்கள் வீட்டிலும் அந்தப் படம்தான் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். கயிறு நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். தொட்டில் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தம்பி அழ ஆரம்பித்தான்.

“போயி கொஞ்சம் ஆட்டி வுடு கண்ணு.”

“நான் மாட்டன். அது கெட்டதா ஆயிடும்.”

“எது?”

“நம்ம அதுதாம்மா. படத்துல அதுக்கும் பேரே வெக்கல இல்ல? எல்லாரும் அது அதுன்னே சொன்னாங்க. அதான் அதுக்குக் கோவம் வந்து எல்லாரையும் அடிச்சிச்சி. நம்ம அதுக்கும் பேரே இல்ல.”

பாதிப் பின்னலோடு என் கை நின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குக் கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, அத்தை காதில் சொன்ன பிறகுதான் பெயர். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் இவனுக்குத் தள்ளிப் போயிருந்தது. அதுவரை எங்களுக்கு அவன் அதுதான். அது பால் குடிச்சிச்சா, அது தூங்குதா, அதுக்குச் சளி புடிச்சிருக்குது. கைக்குழந்தையை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். காதில் உறைத்ததே இல்லை. நான் படித்த நாவலில் மொழிபெயர்த்தவர் ‘அவன்’ என்றுதான் எழுதியிருந்தார். தமிழில் குரல் கொடுத்தவர்கள் ‘அது’ என்றார்கள். உண்டாக்கினவன், ஊர்க்காரர்கள், போலீஸ் எல்லோருடைய வாயிலும் அது. தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, நாவலை இரண்டு தடவை படித்த எனக்கு எட்டாத ஒன்றை அந்த ஒரு சொல்லால் இவளுக்குச் சொல்லிவிட்டார்கள். பயம் அந்த மூஞ்சியைப் பார்த்து வரவில்லை. நாம் தம்பியை அப்படி ஆக்கிவிடுவோமோ என்றுதான் அவள் பயந்திருக்கிறாள்.

உடனே ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட ஆசைதான். ஆனால் அது அத்தையின் உரிமை. முறை தவறிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் வேறு. தயங்கித் தயங்கி அண்ணியிடமே சொன்னேன். திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் இருந்தவன் விழித்துக்கொண்டான்.

“அடியே, எம் மருமவன அந்த மூஞ்சியோட சேத்துட்டியா நீ!” என்று மகளைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். “பேரு கோயில்லதான். அத மாத்த முடியாது. ஆனா இன்னியிலேர்ந்து இந்த வூட்ல எவனாவது அதுன்னு சொன்னா வாயில சூடுதான்.”

மகளின் முகம் முழுக்கத் தெளியவில்லை. “அப்பா சொன்னா?”

“ஒங்கப்பனுக்கு ரெண்டு சூடு.”

மறுநாள் கீரைக்கட்டோடு படியேறும்போதே அண்ணி குரல் கொடுத்தார்கள். “இன்னாம்மா, அது எழுந்துகிச்சா?”

“அத்தே! வாயில சூடு!”

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். “அவன், அவன். அவன் எழுந்துக்கினானா?”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தானே தொட்டிலுக்குப் போய்ப் புடவையை விலக்கி உள்ளே பார்த்தாள். “எழுந்துக்கினான் அத்தே. ஒன்னுக்குப் போயிட்டான்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடியில் கோயிலுக்குப் போய்ப் பெயர் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் மத்தியானம் டிவியில் அதே படம். நான் ரிமோட்டைத் தேடி எடுத்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துபோன தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு மகள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். உண்டாக்கினவன் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினான்.

“யோவ்! எங்க ஓடற? மொதல்ல அவனுக்குப் பேரு வெச்சிட்டுப் போ!”

மாற்றுவதா வேண்டாமா என்று யோசித்தேன். கொடியில் அந்தச் சட்டை வரும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தேன்.