ட்ராஸ்க்கின் இடது கை

காலைச் சாப்பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறார் எம்மெட் ட்ராஸ்க். எங்கள் ராணுவ மருத்துவமனைக் கூடாரங்களுக்கு நடுவே இத்தாலியின் குளிர்காலச் சேறு கணுக்கால் வரை கிடக்கிறது. யாரும் வழுக்கி விழாமல் இருக்கப் படுக்கைக் கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடாரம் வரை ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ட்ராஸ்க் அதைத் தன் இடது கைக்குள் ஓடவிட்டு நடக்கிறார். ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் நின்றுவிடுவார்.

"இது நேத்து இல்லையே, சிஸ்டர்."

அவர் வேலை தொலைபேசிக் கம்பி. முன்வரிசையில் இருப்பவர்களையும் பின்னால் இருக்கும் பீரங்கிகளையும் இணைக்கும் கம்பி அது. குண்டு விழுந்து அறுந்தால் இரண்டு பேர் போவார்கள். இருட்டில் விளக்குப் போட முடியாது. ஒருவர் கம்பியை இடது கைக்குள் ஓடவிட்டபடி பழுதைத் தேடுவார். வலது கையில் இடுக்கி. இன்னொருவர் துப்பாக்கியுடன் பக்கத்தில் காவல் நிற்பார். தேடுகிறவர் ட்ராஸ்க், நிற்கிறவர் லயல். சிசிலியில் கால் வைத்த நாளிலிருந்து இப்படித்தான்.

அதற்கு முன்பு அந்தக் கை அவருடைய சொந்த மாகாணமான சஸ்காட்சுவானில் கோதுமை வயல்களின் வேலிக்கம்பியைப் பழுதுபார்த்தது. "எங்க ஊர்ல கம்பி அந்துச்சுன்னா மாடு ஓடிரும், அவ்வளவுதான்," என்பார். "இங்க அந்துச்சுன்னா, நாம எங்க இருக்கோம்னு நம்ம பீரங்கிக்காரனுக்கே தெரியாது. நம்ம தலையிலேயே போடுவான்."

மணிக்கட்டில் பாய்ந்த குண்டுச் சிதறல் பெரிதல்ல, தையல்கூடப் பிரித்தாகிவிட்டது. ஆனால் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் இங்கே தங்கினால் சொந்தப் படைப்பிரிவின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பிறகு ஆள் குறைந்த எந்தப் பிரிவுக்கும் அனுப்புவார்கள். வரும் சனிக்கிழமையோடு அவருக்கு மூன்று வாரம்.

"லயல்கூட இப்ப எவனப் போட்டிருக்காங்களோ," என்று சூப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பார், குடிக்க மாட்டார். "அவன் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் லயல் நின்னுக்கிட்டே இருக்கணும். நிக்கிறவனத்தானே எதிரி சுடுவான், சிஸ்டர்?"

பக்கத்துப் படுக்கையில் ஓவிலா. கியூபெக் காட்டில் மரம் வெட்டியவர், இப்போது நெஞ்சுச்சளி. அவருக்குப் பிரெஞ்சு மட்டும்தான், ட்ராஸ்க்குக்கு ஆங்கிலம் மட்டும்தான். நான் இரண்டிலும் படித்தவள் என்பதால் ஒருவர் கிண்டல் இன்னொருவருக்குப் போவதென்றால் என் வழியாகத்தான் போகும்.

"அந்தக் கோதுமைக்காரன்கிட்ட சொல்லுங்க, கயிறத் தடவுற மாதிரி ஒரு பொண்ணு கையப் புடிச்சிருந்தா இந்நேரம் புள்ளகுட்டி ஆயிருக்கும்னு."

"அந்த மரங்கொத்திய மொதல்ல இருமாம ஒரு ராத்திரி தூங்கச் சொல்லுங்க."

வியாழக்கிழமை எங்கள் மருத்துவர் மேஜர் கின்கேட் விரலைச் சோதிக்க வருவதாக இருந்தது. நோயாளி கண்ணை மூட வேண்டும். ஊசி பட்டால் சொல்ல வேண்டும். தேறினால்தான் சொந்தப் பிரிவுக்கே திரும்பலாம். அதற்கு ட்ராஸ்க்கும் ஓவிலாவும் ஒரு திட்டம் போட்டார்கள். ஊசி படும்போதெல்லாம் ஓவிலா இருமுவார். இருமலுக்கு எந்த மொழியும் வேண்டாம். ஆனால் திட்டத்துக்கு வேண்டியிருந்தது. அதை மொழிபெயர்த்தவள் நான்தான்.

முதல் நான்கு குத்தும் பிழையில்லாமல் நடந்தன. ஐந்தாவது குத்துக்கு முன் மேஜர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து ஓவிலாவுக்கு நிஜமான இருமல் வந்தது, அடுக்கடுக்காக, நிற்காமல்.

"குத்துது சார்," என்றார் ட்ராஸ்க். "குத்துது. குத்துது. ஐயோ, மெதுவா சார்!"

கூடாரமே சிரித்தது. "அவன் இருமினா உன் விரல் ஏம்ப்பா வலிக்குது?" என்றார் மேஜர்.

ட்ராஸ்க்கின் காதுகள் சிவந்தன. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு முழம் கம்பியை எடுத்து நீட்டினார். "ஊசி வேண்டாம் சார். இதுல எங்கயாவது கீறுங்க. கண்டுபிடிக்கறேன்."

மேஜர் திரும்பி நின்று கத்தியால் மூன்று இடங்களில் கம்பியின் உறையைக் கீறினார். ட்ராஸ்க் கண்ணை மூடிக் கம்பியை இடது கைக்குள் இழுத்தார். ஒரு கீறலில் நின்றார். இன்னொன்றில் நின்றார். கம்பி முழுவதும் கையைவிட்டு வெளியே வந்துவிட்டது.

"ரெண்டு."

ட்ராஸ்க் கண்ணைத் திறந்து கம்பியைப் பார்த்தார். நடுவில் இருந்தது மூன்றாவது.

"இதைத் தாண்டிப் போயிருப்பேன்," என்றார். "லயலையும் கூட்டிக்கிட்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஓவிலாகூட என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

"சனிக்கிழமை மறுபடி வர்றேன்," என்றார் மேஜர். "அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

வெள்ளிக்கிழமை காலை நான் ரொட்டிக் கூடையோடு சாப்பாட்டுக் கூடார வாசலில் நின்றிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ட்ராஸ்க் வந்தார், கயிற்றின் மறுபக்கமாக. இடது கையைச் சட்டைப்பையில் செருகியிருந்தார். வலது கைக்குள் கயிறு ஓடியது. ஒரு முடிச்சைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். சேற்றில் அப்படியே பின்னால் நடந்து, மறுபடி முதலிலிருந்து வந்தார்.