நரம்புச் சிலந்தியும் ஒரு துண்டுத் துணியும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து, புதுச்சத்திரத்தை அடுத்த ஒரு கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கோடையில் என் கணுக்காலில் ஒரு கொப்புளம் எழும்பியது. நெருப்பு வைத்ததுபோல் எரியும். படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தால்தான் கொஞ்சம் அடங்கும். கொப்புளம் உடைந்ததும் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலை நீட்டியது. நரம்புச் சிலந்தி என்னும் புழு.

மாமியார் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்கூர்ல எல்லாத்துக்கும் வாரதுதான் அம்மிணி" என்றார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதைப் பிடித்து இழுக்க, பாதியில் அறுந்து, கால் வீங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது. என் கணவர் வண்டி கட்டிக்கொண்டு போய், குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் நாமக்கல் டாக்டரை அழைத்து வந்தார்.

அவர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிறந்த வீட்டில் இது வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை, அங்கே கிணற்றில் யாரும் இறங்க முடியாது, சேந்தித்தான் குடிப்போம் என்றேன்.

"இங்க காலை எங்கம்மா நனைச்சே?"

"கிணத்துலதாங்க."

மாமியாரிடம் திரும்பினார். "குடிக்கறதும் அந்தத் தண்ணிதானுங்களா?"

"ஆமாங்க. வேற ஏதுங்க?"

கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை வாங்கி வெயிலில் பிடித்தார். தூசி போன்ற சில புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்ந்தன. புண்ணிலிருந்து தண்ணீரில் இறங்கும் சிலந்திப் புழுவின் குஞ்சுகளை இந்தப் பூச்சிகள் தின்கின்றன, இவற்றை நாம் குடிக்கிறோம், அடுத்த வருடம் காலில் சிலந்தி வருகிறது என்றார்.

"இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லீங்க. துணியை மடிச்சு வடிகட்டிக் குடிங்க. புண்ணோட யாரும் கெணத்துல எறங்க வேண்டாம்."

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மாமனார் வெட்டுன கெணறுங்க அது!"

டாக்டர் வாதாடவில்லை. டம்ளரை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். வண்டி போன பிறகும் மாமியார் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து மடித்துக் குடத்தின் வாயில் கட்டினார்.

அடுத்த வாரமே என் கணவருக்குக் குதிகாலில் கொப்புளம். எரிச்சல் தாங்காமல் கிணற்றுக்கு ஓடினார். மாமியார் பின்னாலேயே போய்ப் படியில் குறுக்கே நின்றார். "எறங்காதே சாமி. மேல வா, நான் ஊத்தறேன்." குடத்தில் தண்ணீர் எடுத்து, கிணற்றிலிருந்து தள்ளி உட்கார வைத்து, மகன் காலில் ஊற்றினார். பார்த்த பெண்கள் சிரித்தார்கள். அந்தக் கோடை முழுவதும் புண்காலோடு வந்த எல்லோரையும் தடுத்து, நிறைய ஏச்சு வாங்கினார்.

மறு கோடையில் வீட்டில் ஒருவருக்கு வந்தது. அதற்கடுத்த கோடையில் யாருக்குமே இல்லை. அப்போது ஒருநாள் அந்த வழியாகப் போன டாக்டர் வண்டியை நிறுத்தி, "தண்ணி வடிகட்டறீங்களா?" என்று கேட்டார்.

"வடிகட்டறமுங்க. இனி நீங்க எங்க ஊட்டுக்கு வர வேண்டியதே இல்லீங்க" என்றார் மாமியார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

வந்த நோயைத் தீர்த்த டாக்டர்களைப் பிற்காலத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் குடிக்கத் தண்ணீர் எடுக்கும்போது, வராமலே போன நோய்க்காக இவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.