நான்தான் லைன் லீடர்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீட் தேர்வில் தகுதி மார்க் வந்தது, சீட் வரவில்லை. மறுபடி எழுதியும் அதே கதைதான். வீட்டில் சும்மா உட்கார்ந்துகொண்டு அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டரும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரியும் என்பதால் ஒரே வருடத்தில் என்னை ஒரு வரிசை மெஷின்களுக்கு லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள். என்னைவிட வயதில் மூத்த பெண்கள் எல்லாம் என் பொறுப்பில்.

அப்போதுதான் பிரான்சில் இருக்கும் என் தாய்மாமா, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போட்டுப் பார், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அங்கே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் கிடையாது. செத்துப்போயிருந்த ஆசைக்கு மறுபடி உயிர் வந்தது.

நூறடி ரோட்டில், வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். விண்ணப்பத்தில், 'தலைமைப் பொறுப்பு வகித்த அனுபவம்' என்று ஒரு பகுதி இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கிளாஸ் லீடராகக்கூட இருந்ததில்லை. "எனக்கு எழுத ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அங்கிருந்தவர் சிரித்தார்.

"லைன் லீடர்னு சொன்னீங்களே, அது என்னா? சம்பளம் வாங்கினா அது லீடர்ஷிப் இல்லேன்னு யாருங்க சொன்னது?"

அதுவரை நான் அதை அப்படி நினைத்ததே இல்லை. அவர் தட்டச்சு செய்யச் செய்ய, திரையில் வேறு ஒரு பெண் உருவாவதுபோல் இருந்தது. குழுவை வழிநடத்தினாள், உற்பத்தியைப் பெருக்கினாள். எதுவும் பொய் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. பதவியைக் குறிப்பிட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

கடிதம் கேட்ட அதே வாரத்தில் அந்த விபத்து நடந்தது.

எங்கள் மெஷினில் ஒரு கதவு உண்டு. அது திறந்திருந்தால் டப்பா வார்க்கும் அச்சு மூடக் கூடாது, அதற்கென்று ஒரு சுவிட்ச். ஒவ்வொரு டப்பாவுக்கும் கதவைச் சாத்தித் திறந்தால் நேரம் ஆகிறது என்று கதவு சாத்தியிருப்பதுபோல அந்த சுவிட்சைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். "ஆர்டர் முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்பார். அன்றைக்கும் அவசர ஆர்டர். லைனை வேகமாக ஓட்டச் சொன்னார். நானும் நடந்துகொண்டே, "சீக்கிரம்க்கா, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குத்தானே சம்பளம்.

வீராம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு அக்கா அந்த மெஷினில் இருந்தார். முன்பு மீன் விற்றவர், முழங்கால் வலி தாங்காமல் கம்பெனிக்கு வந்தவர். டப்பா ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. எடுக்கக் கையை விட்டார். அச்சு மூடிவிட்டது.

அவர் கத்தவில்லை. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அவசர பட்டனை நான்தான் அழுத்தினேன். அச்சைத் திறந்து கையை வெளியே எடுப்பதற்குள் என்ன பார்த்தேன் என்பதை எழுத வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் ஹெச்.ஆர். சார் கூப்பிட்டார். மேஜையில் என் கடிதம் தயாராக இருந்தது. லைன் லீடர் என்று தடித்த எழுத்தில். பக்கத்தில் இன்னொரு தாள். 'என் அறிவுறுத்தலை மீறி, கவனக்குறைவாகக் கையை விட்டார்' என்று நான் சொல்வதாக அதில் அடித்திருந்தது. அவர் மிரட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்மா. உனக்கும் டைம் இல்ல, எங்களுக்கும் டைம் இல்ல" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். வீட்டில் அப்பா கையெழுத்துப் போடு என்றார். மாமா போனில், "டாக்டராயிட்டு எத்தினி பேருக்கு வேணா நல்லது செய். இப்ப இத விட்டுட்டா?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்பே கம்பெனி ஆட்கள் போய் எல்லாம் சொல்லியிருந்தார்கள் போல. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்ததும், "கையெழுத்தப் போட்டுக் குடுத்துடும்மா. எங்கூட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேல தர்றேன்னு சொல்றாங்க. நீயும் படிச்சிடுவ. எங்கை திரும்பியா வரப்போவுது?" என்றார். அவர் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிக்கா என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கையெழுத்துப் போடும் எண்ணத்தோடுதான் மறுநாள் கம்பெனிக்கும் போனேன். பேனாவைத் திறந்துவிட்டேன். 'என் அறிவுறுத்தலை மீறி' என்ற வார்த்தைகளைத் தாண்ட முடியவில்லை. நான் அறிவுறுத்தியது ஒன்றே ஒன்றுதான், சீக்கிரம் என்பது. அதை அவர் மீறவில்லையே. அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். அந்த வரிக்காகத்தான் அந்தத் தாளே என்றார் ஹெச்.ஆர். சார்.

விசாரணைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளரிடம், நான்தான் லைன் லீடர், சுவிட்ச் கட்டிப்போட்டிருந்தது எனக்குத் தெரியும், வேகமாக ஓட்டச் சொன்னதும் நான்தான், எனக்குச் சொன்னவர் மேனேஜர் என்று உள்ளதைச் சொன்னேன். வீரமாக ஒன்றும் உணரவில்லை. எல்லாம் கெட்டது என்றுதான் தோன்றியது.

கெடத்தான் செய்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கொடுத்த கடிதத்தில் 'பேக்கிங் உதவியாளர்' என்று இருந்தது. விண்ணப்பமோ ஏற்கெனவே போய்விட்டது; வேறு வழியில்லாமல் அந்தக் கடிதத்தையே அனுப்பினேன். ஆன்லைன் நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான். நீ தலைமைப் பொறுப்பில் இருந்ததாக எழுதியிருக்கிறாய், உன் கம்பெனி நீ உதவியாளர் என்கிறது, எது உண்மை என்று கேட்டார்கள். தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். ஒரு பெண்ணின் கை போன கதையைச் சொல்லி சீட் கேட்பதுபோல் எனக்கே கூச்சமாக இருந்தது. திரையில் இருந்த மூவரும் குறித்துக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். சில வாரங்கள் கழித்து இடமில்லை என்று மெயில் வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. பொய் சொன்னேன் என்று நினைத்தார்களா, இல்லை மார்க்கா, தெரியாது.

எனக்கு அதிகம் வலித்தது அது இல்லை. கம்பெனி வாட்ச்மேன் வேலையைத் தராமல், அக்கா போட்ட நஷ்டஈட்டு வழக்கை இழுத்தது. தீர்ப்பு அக்கா பக்கம் வருவதற்குள் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு படகில் இருந்த பங்கை விற்றுவிட்டார்கள். பார்க்கப் போனபோது அக்கா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "நான் கேட்டனா உன்ன? உன் மனசு சுத்தமா இருக்கணும்னு எங்க சோத்துல கைய வச்சிட்டியே." அதன்பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

அந்த மெஷின்களில் இப்போது கதவு மூடினால்தான் அச்சு நகர்கிறது என்று கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி சொன்னாள். கேட்டுக்கொண்டேன். சந்தோஷம் வந்ததா என்றால், முழுதாக வரவில்லை.

நான் நர்சிங் சேர்ந்தேன், இது கடைசி வருடம். மாமாவும் அப்பாவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பயிற்சிக்குப் போகும் வார்டில் சில நாள் பொறுப்பு என்னிடம் வரும். நோயாளியின் உறவுக்காரர் யாராவது வந்து, "இங்க யாரும்மா இன்சார்ஜ்?" என்று கேட்டால், நான்தான் என்று சொல்லிவிட்டு, முதலில் அந்த நோயாளியின் படுக்கைக்குத்தான் போகிறேன்.