கம்பிக்குள் ஓர் ஊர்

வெள்ளிக்கிழமை காலை யெரஹ்மியேல் அண்ணாந்து பார்த்தபடியேதான் நடக்கிறார். மீன்கடைக் கூடையில் இடறினால் மன்னிப்புக் கேட்பதும் மேலே பார்த்தபடியே. சஃபேத் மலையூரைச் சுற்றிக் கம்பம் கம்பமாக ஓடும் மெல்லிய கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. "ஆகாசத்தைப் பாத்துப் பாத்தே கழுத்து கோணிப்போச்சு. வாரத்துல ஒருநாளாவது என் முகத்தைப் பாருங்களேன்" என்பாள் மனைவி பிரைனா.

வெள்ளி மாலை தொடங்கிச் சனி முழுதும் நீளும் ஓய்வுநாளில் வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு சாவியைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்பது யூதச் சட்டம். ஆனால் இரண்டு கம்பமும் மேலே ஒரு கம்பியும் இருந்தால் அது வாசல். வாசல்கள் வரிசையாக நின்றால் சுவர். சுவருக்குள் ஊரே ஒரு முற்றம். முற்றத்தில் பிள்ளையைத் தூக்கலாம். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் முற்றம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் வாதாடிக் கண்ட வழி. அத்தனை வாதமும் கடைசியில் தன் ஒருவர் கண்ணை நம்பித் தொங்குகிறதே என்பதுதான் யெரஹ்மியேலின் பயம். பார்த்த கம்பத்தையே திரும்பிப் போய்ப் பார்ப்பார். மதியம் காற்று அடித்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன வாரம் அது நடந்தேவிட்டது. ஓய்வுநாள் தொடங்கும் சைரன் ஊதியபின், ஜெபக்கூடத்துக்குப் போகும் வழியில் நிமிர்ந்தார். கல்லறைச் சரிவுக்கு மேலே கம்பி அறுந்து தொங்கியது. இனி கட்ட முடியாது, கட்டுவதும் வேலைதானே. ஊரின் மதகுரு ரப்பி எல்கானாவின் காதில் சொன்னார்.

ரப்பி தாடியை நீவினார். "சொன்னா நிறுத்துவாங்களா? கைக்குழந்தைக்காரி நாள் பூரா வீட்டுலயே கிடப்பாளா? பாதிப் பேர் தெரிஞ்சே தூக்குவாங்க. தெரியாம செய்யறது எவ்வளவோ மேல். நீர் வாயைத் திறக்க வேண்டாம்."

"எனக்குத் தெரியுமே, ரப்பி."

"அது உம்ம பாடு."

மறுநாள் காலை தெருவெல்லாம் தள்ளுவண்டிகள். ஒவ்வொன்றும் அவர் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது. கைக்குட்டையைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒழுகும் மூக்கை உறிஞ்சியபடி வந்தார். எதிரே மகள் ஷிஃப்ரா, ஆறு வாரக் குழந்தையோடு முதன்முதலாக வெளியே வந்திருந்தாள்.

"அப்பா, கொஞ்சம் பிடிங்க, தலைத்துணி அவுந்துடுச்சு."

வாங்காமல் இருந்தால் ஏனென்று கேட்பாள். வாங்கிக்கொண்டார். நின்ற இடத்தில் பிடித்துக்கொள்வதில் குற்றமில்லை. தூக்கிக்கொண்டு நடப்பதுதான் குற்றம். திருப்பிக் கொடுத்தாலோ, அவள் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

ஷிஃப்ரா துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். "கொடுங்கப்பா. இல்லன்னா நீங்களே தூக்கிட்டு வாங்க. அம்மா காத்திருப்பாங்க."

"நீ போ. தூங்கட்டும். நான் நிக்கிறேன்."

"நடுத்தெருவுலயா?"

யெரஹ்மியேல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, அன்று ஒருநாள் மட்டும் அண்ணாந்து பார்க்காமல், தன் இரண்டு கால்களையே குனிந்து பார்த்தபடி நின்றார்.