மோந்து பார்த்து ஏற்றிய காஸ்

வெயில்ல நின்னுகினு அடுத்தவனுக்குக் குளிர் ஏத்திவிடற தொழில் எங்களோடது. கார் ஏ.சி.க்கு காஸ் ஏத்தறவன், ஏத்தினவன், ஏத்திட்டுத் திட்டு வாங்கினவன் யாராவது இதைப் படிச்சா, உங்க பெருமூச்சு எனக்கு இங்கயே கேக்குது.

எழுபதுகள்ல ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஏ.சி. வச்ச காரை விரல் விட்டு எண்ணிடலாம். கப்பல் ஏஜெண்டு, மீன்புடி லாஞ்சு வச்சிருந்தவர், ஏலத்துல வெளிநாட்டு வண்டி எடுத்தவர்னு கொஞ்சம் பேர். ஒருத்தரும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவர மாட்டாங்க. வாசல்ல வச்சு காஸ் ஏத்தினாத்தானே இந்த வூட்ல ஏ.சி. கார் கீதுன்னு தெருவுக்குத் தெரியும்? அதனால சிலிண்டர், ரப்பர் ஹோஸு, பழைய ஃபிரிட்ஜைப் பிரிச்சு நானே பண்ணின வேக்குவம் பம்பு, எல்லாத்தையும் ரிக்‌ஷால போட்டுகினு நான்தான் வூடு வூடாப் போவணும்.

இதுல எனக்குக் கூட்டாளியா வந்து சேர்ந்தவன் சவரிமுத்து. காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரில இருந்தவன். அங்க குழாய்ல ஓடறது அம்மோனியா. எந்த மூலைல கசிஞ்சாலும் மோந்தே சொல்லிடுவான், அந்த மூக்குக்கு அவ்ளோ பேரு. அந்தக் காத்தை இழுத்து இழுத்தே நெஞ்சு கெட்டுப்போச்சு. அவன் சம்சாரம் ரோஸ்மேரி ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவனைக் கையோட இட்டுகினு எங்க வூட்டுக்கு வந்தா. "அண்ணே, இன்னொரு தபா அந்தக் காத்தை இழுத்தா ஆள் தங்க மாட்டாருன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. உங்ககூட எதுனா வேலை குடுத்து வச்சிக்கோங்க. அந்த ஐஸ் ஃபேக்டரிக்கு மட்டும் திரும்பப் போவ வுடாதீங்க."

ஒரே ராத்திரியில் போன ஊட்டி

முதல் வேலை ராயபுரத்துல ஒரு கப்பல் ஏஜெண்டு வூட்ல. நான் ஒரு கிளாம்பு வாங்கக் கடைக்குப் போனேன். போன எடத்துல டீயும் குடிச்சேன், சொல்லிடறேன். திரும்பி வந்து பாத்தா சவரி பானட்டுக்குள்ள தலையை வுட்டு ஒவ்வொரு ஜாயிண்டா மோந்துகினு கீறான். "எல்லாம் கரீட்டா கீது நைனா, காஸை ஏத்திட்டேன்"னான். அம்மோனியாதான் மூக்கைத் துளைக்கும். காருக்கு ஏத்தற காஸுக்கு வாசனையே கெடையாது. சோப்புத் தண்ணி தடவி, கசியற எடத்துல நுரை முட்டை வருதான்னு பாத்துத்தான் ஏத்தணும்.

சொன்னா நம்பறானா? "நாறாதது இன்னா நைனா காஸு? சோப்பு போட்டுப் பாக்கறதுக்கு மெக்கானிக்கு எதுக்கு, என் பொண்டாட்டி போதும்"னு மொறைச்சிகினு போனான். மறுநாள் விடிஞ்சதும் ஏஜெண்டு ஆள் அனுப்பிட்டார். போனதும் வாசல்லயே நிக்க வச்சு, குரலைக்கூட ஒசத்தாம சொன்னார்: "நேத்து சாயங்காலம் வண்டிக்குள்ள ஊட்டி மாதிரி இருந்தது. காலையில பாத்தா எண்ணூர் பவர் ஹவுஸ் மாதிரி இருக்கு."

அண்டாவுக்குள் வைத்தியம்

காஸ் ஏத்த ஏத்த சிலிண்டர் சில்லுனு ஆயிடும், அப்பால காஸ் வெளிய வர அழும். அதை வெதுவெதுன்னு தண்ணில நிக்க வச்சா ஒழுங்கா வரும். யானைக்கவுனில ஒரு அரிசி மண்டிக்காரர் வூட்டுக்குப் போனப்போ, வூட்டம்மாகிட்ட ஒரு அண்டா வெந்நீர் கேட்டேன். குளிக்கக் கேக்கறோம்னு நெனைச்சிகினு அந்தம்மா சோப்பையும் சேர்த்துக் குடுத்தாங்க. பாவம், சவரி மூஞ்சைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

அந்த சோப்பையே கரைச்சு ஜாயிண்டுக்கெல்லாம் தடவினேன். சவரி சிலிண்டரை அண்டாவுல எறக்கினான். ஜன்னல்ல நின்னு பாத்துகினே இருந்த அந்தம்மாவுக்குப் பொறுக்கல. வூட்டுக்காரரைக் கூப்ட்டு எங்க காது பட சொன்னாங்க: "குளுர் மெஷினுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கற வைத்தியனுங்களை எங்கயிருந்துதான் புடிச்சிட்டு வந்தீங்களோ."

ஓடாத கார்

காசிமேட்டு லாஞ்சுக்காரர் ஒருத்தர் ஏலத்துல எடுத்த பெரிய படகு மாதிரி வண்டி வச்சிருந்தார். பெட்ரோல் வெலை எகிறினதும் ஓட்டறதை நிறுத்திட்டார். ஆனா மத்தியானம் சாப்ட்டதும் வண்டியை வாசல்லயே ஸ்டார்ட் பண்ணி, குடும்பத்தோட உள்ள உக்காந்துடுவார். மாமியா முன் சீட்ல, கொழந்தைங்க பின் சீட்ல, வெத்திலைப் பெட்டி நடுவுல. காஸ் ஏத்தின மறுவாரமே கூப்ட்டு அனுப்பிச்சு, குளிர் பத்தலைன்னு ஒரே பேஜாரு பண்ணிட்டார்.

சவரி இப்ப சோப்புத் தண்ணிக்கு வழிக்கு வந்துட்டான். இருமல்கூடக் கொறைஞ்சிருந்தது. ஒவ்வொரு ஜாயிண்டா தடவிப் பாத்து, கசிவே இல்லைன்னான். எனக்கு சந்தோஷமா இருந்தது, அதை நான் மறைக்கல. "அய்யா, காஸ் சரியாத்தான் கீது. வண்டி ஓடினா முன்னால காத்து பட்டு இன்னும் நல்லா குளிரும், கொஞ்சம் ஓட்டிப் பாருங்க"ன்னேன். லாஞ்சுக்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "ஓட்டினா ஜன்னலைத் தொறந்து வுட்டா காத்து சும்மாவே வருது. அதுக்கு எதுக்குய்யா ஏ.சி.?"

பெருச்சாளி

மணலி ரிஃபைனரில வேலை பாக்கற ஒரு எஞ்சினீயர். கோடை லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தவர், ஏ.சி.ல குளிரும் இல்ல, வேற ஏதோ வருதுன்னார். ப்ளோயரைப் போட்டதும் தெரிஞ்சிபோச்சு. உள்ள ஒரு பெருச்சாளி செத்து, நாளாகி, ஊறிக் கெடக்குது. நான் வேலியோரமா ஓடிப்போய் காலைல சாப்ட்டதை எல்லாம் கக்கினேன். எஞ்சினீயர் மூக்கைப் பொத்திகினு வூட்டுக்குள்ள பூந்து கதவைச் சாத்திட்டார். கொடுங்கையூர் குப்பைமேட்டுல புரண்டவனுக்குக்கூட அந்த நாத்தம் தாங்காது.

சவரி மட்டும் ப்ளோயருக்கு நேரா மூஞ்சை நீட்டி, நிம்மதியா காத்து வாங்கினான். "லேசா சில்லுனு கீது நைனா, காஸ்தான் கொஞ்சம் கம்மி"ன்னான். எஞ்சினீயர் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, இப்படி ஒரு தொழில் பக்தியைப் பாத்ததே இல்லைன்னு உருகிட்டார். எனக்குத்தான் விஷயம் புரிஞ்சுது. காசிமேடே பேசின மூக்கு சுத்தமாப் பூட்ச்சு. அம்மோனியா தின்னுட்டுது. பஸ் ஸ்டாப்புல வச்சு, எப்போலேர்ந்துடான்னு கேட்டேன். ரோட்டைப் பாத்துகினே சொன்னான்: "ரோசிகிட்ட சொல்லிடாத நைனா. மீன் கொழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வருதுன்னு தெனம் அவகிட்ட சொல்லிகினு கீறேன்."

முதலாளி வந்தார்

ஏ.சி. கார்க்காரர் ஒருத்தர் நம்ம வூட்டைத் தேடி வர்றார்னா அது காஸுக்காக இருக்காது. வந்தவர் சவரியோட பழைய ஐஸ் ஃபேக்டரி முதலாளி. சவரியும் ரோஸ்மேரியும் அன்னிக்கு எங்க வூட்ல சாப்ட வந்திருந்தாங்க. முதலாளி வண்டியை விட்டுக்கூட எறங்கல, கண்ணாடியை மட்டும் எறக்கினார். "ஃபேக்டரில எங்கயோ கசியுதுடா சவரி. புது ஆளுங்களுக்கு எங்கன்னு புடிபடல, உள்ள போவ பயப்படறானுங்க. நீ வா, ஃபோர்மேன் ஆக்கிடறேன். குழாயைக்கூடத் தொட வேணாம், மோந்துட்டு சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

ஃபோர்மேன்னு கேட்டதும் சவரி ஆணில மாட்டியிருந்த சட்டையை எடுத்துட்டான். அவன் மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என்கூட அவன் வேலை பாத்த நாள்ல ஒரு தபாகூடப் பாக்கல. ரோஸ்மேரி எனக்குப் பின்னால நின்னு "அண்ணே"ன்னு மட்டும் சொன்னா. ஃபேக்டரிக்குத் திரும்பப் போவ வுட மாட்டேன்னு அவளுக்கு ஒரு வாக்கு, மூக்கைப் பத்தி அவகிட்ட சொல்ல மாட்டேன்னு அவனுக்கு ஒரு வாக்கு குடுத்திருந்தேன். வாயைத் தொறந்தா அவன் மானம் பூடும், மூடிகினா உசுரு பூடும்.

சவரி பட்டன் போட்டுகினே கேட்டான், "நான் சரின்னு சொன்னா ஆளுங்க உள்ள பூடுவாங்களா மொதலாளி?" "உன் மூக்கு மேல அவ்ளோ நம்பிக்கைடா, கண்ணை மூடிகினு பூடுவானுங்க"ன்னார் அவர். சவரி கை பட்டன்லயே நின்னுபோச்சு. போட்ட பட்டனை அவுத்து, சட்டையைத் திரும்ப ஆணில மாட்டினான். ரோஸ்மேரி பக்கம் ஒரு தரம் பாத்தான். அவ மூஞ்சைப் பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பால முதலாளிகிட்ட, வண்டி ஜன்னல்ல கைய வச்சிகினு சொன்னான்: "என் மூக்கை உங்க ஃபேக்டரிலயே வச்சிட்டு வந்துட்டேன் மொதலாளி. அங்கதான் எங்கயாவது கெடக்கும், அதையே எடுத்து மோந்து பாத்துக்கங்க."

இத்தனை வருஷம் வூடு வூடா குளிர் ஏத்தினதுல நான் கண்டது, காரைக் குளிர வைக்க ஒரு சிலிண்டர் போதும், உள்ள உக்காந்து வர்ற ஆள் மனசைக் குளிர வைக்கற காஸை மட்டும் எவனும் இன்னும் கண்டுபுடிக்கல.