பரசுராமன் என்கிற ரத்தினம்

இந்த மாதம் ஒரு பொய் எழுதினேன். முத்திரைத்தாளில். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாமல்.

விஷயம் இதுதான். உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் சேகர் அண்ணன் இருக்கிறார். என் பெரியப்பா மகன். போன மழையில் அவர் வீட்டுத் தெற்குச் சுவர் விழுந்தது. மிச்சம் இருந்த சுவர்களைத் தட்டிப் பார்த்த மேஸ்திரி, "இதுங்களும் கௌம்பத்தான் பாக்குதுங்க" என்றார். இப்போது பக்கத்தில் ஒரு ஷீட் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ், அண்ணன், அண்ணி, எண்பத்தாறு வயதுப் பெரியம்மா.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அதற்குப் பிளான் அப்ரூவல் வேண்டும். அப்ரூவலுக்குப் பட்டா வேண்டும். இ-சேவை மையத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்தால்... உரிமையாளர் பெயர் 'ரத்தினம்' என்று இருந்தது. தகப்பனார் அல்லது கணவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.

யார் இந்த ரத்தினம்?

எங்களுக்குத் தெரிந்து அந்த வீட்டில் இருந்தவர் எங்கள் தாத்தா பரசுராமன். அவருக்கு அப்புறம் பெரியப்பா. அப்புறம் அண்ணன். நடுவில் ரத்தினம் என்று யாரும் குடி இருந்ததாகத் தகவல் இல்லை.

தாலுகா ஆபீஸில் இருந்தவர் பொறுமையான மனிதர். "ரெண்டு பேரும் ஒரே ஆள்னா 'பரசுராமன் என்கிற ரத்தினம்'னு ஒரு அஃபிடவிட் போட்டு, ரெண்டு சாட்சியோட கொண்டாங்க. வேற ஆள்னா, அது யாரு, வாரிசு யாருன்னு விசாரிச்சுட்டு வாங்க" என்றார்.

இரண்டில் எது சுலபம்? நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு — எங்கள் குடும்பத்தில் ஒரே பெயரோடு வாழ்ந்தவர் யாரும் கிடையாது. என் அப்பா சர்டிஃபிகேட்டில் தாமோதரன், வீட்டில் ராஜி, ஊருக்குச் சின்னவர். சித்தப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் எமனுக்கு ஆசை வராதபடி அவருக்குக் குப்பன் என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைக் குப்புசாமி ஆக்கினார். வேலை பார்த்த கம்பெனியில் அவர் கே.சாமி. மூன்றும் ஒரே ஆள்தான், மூன்றுக்கும் ஒரே சர்க்கரை வியாதிதான். தாத்தாவே வருஷா வருஷம் திருப்பதிக்குப் போய் வந்ததால் ஊரில் 'மொட்டையர்'. அவருக்கு இன்னொரு பெயர் கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "ரத்தினம்தானே? நல்லா ஞாபகம் கீதே! நான் சின்னப் பையனா இருக்கச்சே எங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு 'ரத்தினம், ரத்தினம்'னு கூப்புடுவாங்க" என்றார். வேறென்ன வேண்டும்? அஃபிடவிட்டை நானே எழுதினேன். பத்திரிகையில் எழுதுகிறவள் இருக்கும்போது வெளியில் எதற்குக் கொடுப்பது என்று அண்ணனுக்குப் பெருமை.

ஒரு சாட்சி சித்தப்பா. இன்னொரு சாட்சி, தாத்தாவின் மூத்த மருமகளான பெரியம்மா. போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து முழுசையும் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரியம்மா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆபீஸ்காரர்கள் கேட்டால், "கையில கோடாலி வெச்சிக்கினு இருப்பாரே, அந்த சாமி பேரு" என்பார். புரியாதவர்களுக்காகக் கையை ஓங்கியும் காட்டுவார். அவர்களும் பயந்துபோய் எழுதிக்கொள்வார்கள்.

நான் படித்து முடித்ததும் பெரியம்மா கேட்டார்: "ரத்தினத்துக்கு இன்னா இப்போ?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமனார் பெயரை இவ்வளவு சாதாரணமாக...

"பெரியம்மா... ரத்தினம்னு பேரைச் சொல்றீங்களே?"

"சொன்னா இன்னாடி? எங்க மாமனாரோட அக்கா பேரு அது. பொம்பளை பேரைச் சொல்றதுக்கு இன்னா?"

பெரியம்மா அடுத்த பூண்டை எடுத்தார்.

"மானாம்பதி அத்தை மானாம்பதி அத்தைன்னு உங்க அப்பன் சொல்லுவானே, அதுதாண்டி ரத்தினம். புருஷன் போனப்புறம் கைக்கொழந்தையத் தூக்கிக்கினு வந்துது. நாத்து நட்டு, களை எடுத்து, இந்த மனைய வாங்கி வூடு கட்டிச்சு. தம்பி குடும்பத்தையும் கூட வெச்சிக்கிச்சு. நான் கல்யாணம் ஆயி வந்தப்போ கையப் புடிச்சு உள்ள இட்டுக்கினு வந்ததே அதுதான். அப்புறம் பொண்ணு பிரசவத்துக்குன்னு மானாம்பதி போச்சு. அங்கயே தங்கிடுச்சு. நடுவுல ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காம வுட்டுட்டாங்க. போக்குவரத்து நின்னு போச்சு."

"இதை ஏம்மா இத்தினி நாளா சொல்லல?" என்றார் அண்ணன்.

"நீ எப்படா கேட்ட?"

மானாம்பதி அத்தை என்ற பெயர் எனக்கும் தெரியும். சின்ன வயதில் எத்தனையோ முறை காதில் விழுந்திருக்கிறது. அவருக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று ஏனோ எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணன் எழுந்து வெளியே போய், விழுந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து தணிந்த குரலில், "அந்தப் பேப்பர் ரெடியாத்தானே கீது? யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

பெரியம்மா பூண்டை முறத்தில் போட்டார். "எனக்குத் தெரியும்டா."

மறுநாள் காலையில் அண்ணனே பைக்கை எடுத்தார். "ஏறு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மானாம்பதி டீக்கடையில் ரத்தினம் என்று விசாரித்தோம். "எந்த ரத்தினம்? லாரி ஓட்றவரா, போஸ்ட் ஆபீஸ்காரரா?" பொம்பளை என்றோம். அப்படி யாரும் இல்லை என்றார்கள். அந்தக் காலத்தில் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வந்தவர் என்று அண்ணன் சொன்னதும், பால் வாங்க வந்த ஒரு அம்மாள், "உத்திரமேரூர் ஆயாவா? அது போய் எவ்ளோ வருஷம் ஆவுது! அதோட பேத்தி பாப்பு நாஷ்டா கடை வெச்சிக்கினு கீது, போய்ப் பாருங்க" என்று வழி காட்டினார்.

எங்கள் ஊரில் அவர் மானாம்பதி அத்தை. மானாம்பதியில் உத்திரமேரூர் ஆயா. அவரை ரத்தினம் என்றே வைத்திருந்தது அந்தப் பட்டா மட்டும்தான்.

பாப்புவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இட்லி ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய நிஜப் பெயரும் ரத்தினம்தானாம். ஆயா பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் கோபத்தில் பிள்ளையைத் திட்டினால் பெற்ற தாயைத் திட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று அவர் அம்மா கடைசிவரை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. பாப்பு என்றார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

"அப்படின்னா நீங்க எங்கம்மாவோட மாமன் மவனுக்குப் புள்ள" என்றார் சேகர் அண்ணனைப் பார்த்து. "நாப்பது வருஷம் லேட்டு."

அண்ணன் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

நான்தான் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் அம்மாவுக்கு அவர் ஒரே பிள்ளை என்று பேச்சில் தெரிந்திருந்தது. அவர் அம்மாவும் ரத்தினத்துக்கு ஒரே பிள்ளை. "சட்டப்படி பார்த்தா அந்த இடம் முழுசும் உங்களுதுதான்." அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். லேட்டாக மிதித்தார்.

பாப்பு அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஆயா சாவறவரைக்கும் சொல்லிக்கினே இருந்துது. 'அங்க எனக்கு ஒரு வூடு கீது, என் தம்பி பாத்துக்கினு கீறான்'னு. வயசாயி ஒளறுதுன்னு நாங்க நெனைச்சோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்துக்கத்தான் சொன்னுது. குடுத்துடல."

அண்ணன் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் விழுந்த சுவரும் விழாத சுவரும் தெரிந்தன.

"ஆனா பாத்துக்கினீங்க இல்ல, இத்தினி வருஷம்? வேற யாரும் வந்து குந்தாம? அதுக்குப் பாதி. எனக்குப் பாதி."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மொத்த மனை ஆறு சென்ட். மூன்று சென்ட்டில் ஒரு வீடு தாராளமாக வரும். அண்ணனும் அதையேதான் போட்டிருப்பார். "சரி" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு இட்லி சாப்பிடும் நேரம் ஆனது. எழுந்திருக்கும்போது, "எங்கம்மா உன்னைப் பாத்தா சந்தோஷப்படும். வந்துட்டுப் போ" என்றார்.

வந்தார், இந்த வியாழக்கிழமை. பெரியம்மா அவர் கன்னத்தைத் தொட்டு, "மூக்கு அப்படியே ரத்தினம்" என்று சொல்லி அழுதார். பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து தாலுகா ஆபீஸ் போனோம். பழைய அஃபிடவிட்டைக் கிழித்தாகிவிட்டது. ஆனால் ஆயாவின் இறப்புச் சான்றிதழில் 'ரத்தினம்மாள்' என்று இருக்கிறதாம். அதற்கு ஒன்று, பாப்புவுக்கு ஒன்று என்று இப்போது இரண்டு 'என்கிற' எழுத வேண்டியிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் நிஜம் என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது.

வெளியே வந்து ஜூஸ் குடிக்கும்போது பாப்பு என்னைக் கேட்டார்: "எங்க ஆயா கைநாட்டு. அது பேர்ல ஒரு மனை இருந்துது. நீ படிச்சவ. உன் பேர்ல இன்னா கீது?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு காஸ் கனெக்‌ஷன்... அப்புறம் இந்தப் பத்தி.