பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டுப் போனவர்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரில் எழுத வேண்டியவர் அண்ணன். என்னைவிட மூத்தவர், கடைசி வரை அக்காவின் பக்கத்தில் இருந்தவர். ஆனால் குடும்பத்தில் 'எழுதுகிறவன்' என்று பெயர் வாங்கியிருப்பது நான். அந்தப் பெயர் இந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாகூர் ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில், கரும்பு வெட்டும் குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு எங்கள் இருவருக்கும் சோறாக்கினார். அண்ணன் மூன்றாம் வகுப்போடு அப்பா பின்னால் கரும்புக்குப் போனார். நான் மட்டும் படித்தேன். அவர்கள் இருவரும் விட்ட படிப்பையும் சேர்த்து நானே படித்துவிட்டதாக எனக்கு நெடுநாள் எண்ணம். அக்கா திருமணமாகிப் புதுவைக்குப் போனார். கணவரை இளவயதிலேயே இழந்து, ஒரே மகளோடு ஊருக்குத் திரும்பி, அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்தார்.

வேதாகமத்தை நாங்கள் கேட்டோம். அக்கா செய்துபார்த்தார், மாவுப் பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் செய்முறையைப் போல. கோபம் சூரியன் மறைவதைத் தாண்டக்கூடாது என்று பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து, மாலை ஐந்தரைக்கு மேல் யாரோடும் சண்டையை இழுக்க மாட்டார். "மார்கழியில பொழுது சீக்கிரம் எறங்கிடும்டா. மத்தியானத்துலயே முடிச்சிக்கணும்" என்பார்.

ஒரு பொங்கல் பூசையில், காணிக்கைப் பவனியில் பூசணிக்காயோடு பீடத்தை நோக்கிப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள் என்று வேதாகமத்தில் சொல்லியிருக்கிறதே என்ற நினைவு. முந்தின நாள்தான் அங்கன்வாடி டீச்சரைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தார். பூசணிக்காயை நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு வெளியே நடந்தார். டீச்சர் வீட்டு வாசலில் பானை பொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, பூச நேரத்துல இங்க வந்து நிக்கற?"

"உன்ன பொய்க்காரின்னு சொல்லிட்டன். தப்பு. சீக்கிரம் சரின்னு சொல்லு, பூசணிக்கா நடுவுல கெடக்குது."

"நான் யோசிக்கணும்."

"அத அடுத்த வாரம் யோசி. இப்ப சொல்லு."

அவர் திரும்பி வரும்வரை, பவனியில் வந்தவர்கள் பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பூசை வைத்த சாமியார் அதை யாரும் எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

நாற்பது வயதுக்கு மேல் அண்ணனுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான். சனிக்கிழமைதோறும் மறுநாள் வாசகத்தை இருவரும் விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார்கள். பிறகு ஞாயிறு பூசையில் அண்ணன் முதல் வாசகம் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை அது.

நான் எங்கள் பங்குக் கோயிலின் மலரில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்னும்படி வாசிக்கிற ஒருவரைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை. அதையே பெரிய பண்பாக நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அண்ணன் வாசிக்க நின்று முதல் நிறுத்தம் விட்டதும், பின்வரிசையில் யாரோ "ஒரு டீ" என்றார்கள். கோயிலே சிரித்தது. அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கினார். அதன்பின் அவர் வாசிக்கவுமில்லை, என்னோடு பேசவுமில்லை. ஆறு வருடம்.

"போய் மன்னிப்பு கேளுடா."

"பேரே போடலியேக்கா. ஊர்ல நெறைய பேரு அப்பிடித்தான் படிக்கறாங்க."

"அதுல எத்தினி பேருக்கு நான் எழுத்து சொல்லிக் குடுத்தன்?"

அந்த வாரத்திலிருந்து அக்கா பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போவதை நிறுத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"சண்ட உங்களது இல்லியேம்மா."

"தெரியும் சாமி. வளத்தது நான்தான."

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தார். உடம்பு பாதியானது. இனி முடியாது என்று ஆனபோது மகளிடம் சொல்லி அனுப்பினார்: தம்பிகள் இருவரும் சேர்ந்து வந்து நிற்கட்டும், அதன்பின் சாமியாரைக் கூப்பிடு, நற்கருணை வாங்கிக்கொள்கிறேன்.

நான் வில்லியனூரிலிருந்து மதியம் இரண்டு மணிக்கே போய் இறங்கிவிட்டேன். தெருமுனை டீக்கடையிலிருந்து பார்த்தால் அக்கா வீட்டு வாசல் தெரியும். அங்கே அண்ணனின் வண்டி நின்றது. அவரிடம் முதல் சொல்லாக எதைச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லை வைத்துப் பேர் வாங்கியவன் நான். அவர் கிளம்பட்டும் என்று டீ சொன்னேன். அக்காவின் மகள் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க இருக்கீங்க? பெரிய மாமா வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு. அம்மா ஒங்களயேதான் கேக்குது."

"பஸ்ஸே கெடைக்கலம்மா. இன்னும் வில்லியனூர்லதான் நிக்கறன்."

இரண்டாவது டீயும் குடித்தேன். அண்ணன் கிளம்பவில்லை, எனக்காகத்தான் காத்திருந்தார். மகளின் அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்ட பிறகே உள்ளே போனேன். அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. சாமியார் வந்து எண்ணெய் பூசினார். விழுங்க முடியாதவருக்கு நற்கருணை கொடுக்க முடியாது. கொண்டுவந்த சிறு பேழையைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனார். நாலே முக்காலுக்கு அக்கா போய்விட்டார். அன்று சூரியன் மறைந்தபோது நாங்கள் இருவரும் அவர் கால்மாட்டில் பேசாமல் நின்றோம்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பஸ் கிடைக்கவில்லை என்றேன். நீங்கள் பலர் எனக்காகப் பஸ்காரர்களைத் திட்டினீர்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதுவரை எழுதி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது: போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் காணிக்கையை மட்டும் பீடத்தில் வைத்திருக்கிறேன். தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுண்ணா" என்றேன்.

"இன்னா அது கையில? என்னப் பத்தித்தான் திரும்பவும் எழுதிட்டியா?"

"இல்லண்ணா. என்னப் பத்தி எழுதியிருக்கன்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாய்விட்டு வாசித்தார், ஒவ்வொரு சொல்லாக. முக்கால் மணி நேரம் ஆனது. நான் நின்றுகொண்டே கேட்டேன். 'டீக்கடை' என்ற சொல்லில் நிறுத்தித் தாளைத் தாழ்த்தினார்.

"நீ அங்க நின்னத நான் பாத்தன்" என்றார். "வாசல்ல வந்து நின்னு பாத்தன். கூப்புடல. தானா வரட்டும்னு வுட்டுட்டன்."

பிறகு மீதியையும் வாசித்து முடித்தார்.

"அதையும் எழுதிடு" என்று தாளைக் கொடுத்தார்.

எழுதிவிட்டேன். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்டால் மாட்டைப் பார்க்கிறார்.

அக்காவை இரண்டு வருடம் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிய மகளுக்கும், நேரம் காலம் பார்க்காமல் ஆட்டோ கொண்டுவந்த எதிர்வீட்டுக்காரருக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், சாமியாருக்கும், கடைசி வாரம் முழுக்கக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய அங்கன்வாடி டீச்சருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவுப் பூசையில் முதல் வாசகத்தை அண்ணன் வாசிக்கிறார். நடுநடுவே நிறுத்துவார். காத்திருங்கள். நான் கடைசி பெஞ்சில் இருப்பேன்.